வெள்ளியங்கிரிச் சுனைகள்: தண்ணீரைக் கணக்குப் போட்டு மலையேறுவது

கோவைக்கு மேற்கே, ஏழு மலை ஏறி உச்சியில் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் மூங்கில் தடியைப் பற்றிக் கேட்பார்கள், குளிரைப் பற்றிக் கேட்பார்கள், செருப்பா வெறுங்காலா என்று கேட்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "மேல சுனை இருக்குதுங்க, பாத்துக்கலாம்" என்ற ஒரே பதில்தான் வரும். பதிலில் பொய்யில்லை, சுனை இருக்கிறது. ஆனால் எது எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு வரும், வாயில் வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஏறினால், முதல் மலையிலேயே நாக்கு வறண்டுவிடும். இல்லாவிட்டால் வீடு வந்து பத்து நாள் கழித்து வயிறு கணக்குக் கேட்கும்.

மலையேற்றம் பிப்ரவரி முதல் மே முடிய. மற்ற மாதங்களில் பாதையைத் திறப்பதில்லை. கோவை காந்திபுரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகப் பூண்டிக்குப் பேருந்து உண்டு. மலையடிவாரத்தில் இருக்கும் பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயிலில்தான் பாதை தொடங்குகிறது. இது போளுவாம்பட்டி வனச்சரகம். யானை, காட்டெருமை, கரடி, சிறுத்தை எல்லாம் நடமாடும் காப்புக்காடு. பாதையை விட்டு விலகி வேறு ஊற்று தேடிப் போவது ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. ஏற விடும் நேரத்தை வனத்துறை அவ்வப்போது மாற்றும். கிளம்பும் நாளன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சுனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். மலையின் மேல்பகுதி புல்வெளி. மடிப்புகளில் சோலைக்காடு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இந்தப் புல்லிலும் மக்கிய மண்ணிலும் ஊறி இறங்குகின்றன. கீழே கெட்டிப் பாறை தட்டுப்பட்டதும் தண்ணீரால் மேலும் இறங்க முடியாது. பாறையின் மேலாகவே நகர்ந்து, விரிசல் கண்ட இடத்தில் வெளியே கசிகிறது. அதுதான் ஊற்றுக்கண். அது வழிந்து பாறைக் குழியில் தேங்கினால் சுனை. நொய்யல் பிறப்பதும் இந்த மலையில்தான்.

ஆக, பிப்ரவரியில் நீங்கள் குடிப்பது சில மாதங்களுக்கு முன் பெய்த மழை. டிசம்பருக்குப் பிறகு சேமிப்பில் புதிதாக எதுவும் சேர்வதில்லை, செலவு மட்டும்தான். அதனால் பிப்ரவரியில் விரல் தடிமனில் விழும் தண்ணீர் ஏப்ரலில் நூல் மாதிரி ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் மார்ச்சிலேயே அந்த நிலை வரும். ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கோடை மழை பெய்தால் மறுநாள் சுனை நிறைந்து தெரியும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அது மேல்தரையைக் கழுவிக்கொண்டு நேராக வந்து விழுந்த நீர். கலங்கியிருக்கும், பாதை ஓரத்து அசிங்கமெல்லாம் அதில் கரைந்திருக்கும். பருவம் முழுவதிலும் குடிக்க மோசமான தண்ணீர் கோடை மழைக்கு அடுத்த நாள் தண்ணீர்தான்.

எந்தச் சுனை எங்கே

எந்தச் சுனை எந்த மலையில் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒரு மலை முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதிலேயே பேச்சு வேறுபடும். வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கற்படிகளில் ஏறி வெள்ளை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போனால் முதலில் பாம்பாட்டிச் சுனை. அதற்கு மேலே கைதட்டிச் சுனை. பிறகு நீண்ட தூரம் திறந்த புல்மேடு. கடைசியாக, ஆறாவது மலை இறங்கி முடியும் இடத்தில் ஆண்டி சுனை. அதற்கு மேல் ஏழாவது மலை நெட்டுக்குத்தான ஏற்றம். அங்கே தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள்.

கஷ்டம் எங்கே என்று இந்த வரிசையே காட்டிவிடும். உடம்பு அதிகமாக வியர்ப்பது முதல் மலைப் படிகளில். காற்று புகாத காடு, ஒழுங்கில்லாத உயரத்தில் கற்கள். பாம்பாட்டிச் சுனை வரும்வரை சராசரியாக நடப்பவருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை அடிவாரத்துத் தண்ணீர்தான். அடுத்த வறட்சி கைதட்டிச் சுனைக்கும் ஆண்டி சுனைக்கும் இடையில். அங்கே வியர்வை தெரியாது, காற்று உலர்த்திக்கொண்டே இருக்கும். தாகம் எடுக்கவில்லை என்று குடிக்காமல் நடந்து, ஏழாவது மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு எடுத்துப் போவது

மணிக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். பெரிய உடம்புக்காரர், வெயிலில் ஏறுகிறவர் முக்கால் லிட்டர். ஏற ஐந்திலிருந்து ஏழு மணி நேரம், இறங்க நான்கைந்து மணி நேரம். மொத்தம் ஐந்தாறு லிட்டர். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, ஏறவும் வேண்டாம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ.

ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு போதும். இரண்டையும் அடிவாரத்தில் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். எவர்சில்வர் பாட்டில் நல்லது, வாய் அகலமானதாக இருக்கட்டும். சிறுவாய் பாட்டிலைச் சுனையில் நிரப்புவது பெரும்பாடு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அடிவாரத்தில் பையைத் திறந்து பார்த்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால் அந்த வரிசையில் நேரம் மிச்சம்.

இவற்றோடு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், வெளுத்த பழைய வேட்டித் துணி ஒரு முழம், குளோரின் மாத்திரை, ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, தலையில் மாட்டும் விளக்கு. இரவில் ஏறுகிறவருக்கு ஒரு கையில் தடி, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. டார்ச் பிடிக்கக் கை மிச்சமிருக்காது.

வழியில் தற்காலிகக் கடைகளில் சுக்குக் காபி, மோர் எல்லாம் கிடைக்கும். கிடைத்தால் குடியுங்கள். திட்டத்தில் சேர்க்காதீர்கள். கூட்டமில்லாத வாரநாள் விடியற்காலையில் கடை திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சுனையில் தண்ணீர் பிடிப்பது

முதல் பார்வை சுனையின் மேல் அல்ல, சுனைக்கு மேலே உள்ள சரிவின் மேல் விழட்டும். அங்கே பாதை போகிறதா? ஆட்கள் ஒதுங்கும் மறைவு இருக்கிறதா? காகிதம், துணி கிடக்கிறதா? கிடந்தால் அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தாமல் உதட்டில் வைக்கக்கூடாது, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறும் மலை இது. மேலே கழிப்பிடம் தேடினால் கிடைக்காது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அடுத்து ஊற்றுக்கண்ணைத் தேடுங்கள். தேங்கிய குழியில் பாட்டிலை முக்குவதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் செய்யும் தவறும் அதுதான். பத்துப் பேர் கை வைத்த, முகம் கழுவிய, பாட்டிலின் அடிப்பாகம் முங்கிய நீர் அது. பாறையிலிருந்து வெளிவரும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். குழாயோ மூங்கிலோ பொருத்தியிருந்தால் அதன் வாயை உள்ளங்கையால் தொடாமல் பாட்டிலை அடியில் காட்டுங்கள்.

தண்ணீர் பாறையோடு ஒட்டி வழிந்து, பாட்டிலுக்குள் விழ மறுத்தால் பழைய உபாயம் ஒன்று உண்டு. தரையில் கிடக்கும் உறுதியான இலை ஒன்றை எடுத்து, நீளவாக்கில் லேசாக மடித்து, காம்புப் பக்கத்தை விரிசலில் செருகுங்கள். நுனி பாறையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழிசல் இலையில் ஏறி நுனியிலிருந்து நூலாக விழும். பால் வடியும் இலை, பெயர் தெரியாத காட்டுச்செடியின் பச்சை இலை வேண்டாம். கசிவு அதைவிடக் குறைவாக இருந்தால் டம்ளரை அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து இளைப்பாறுங்கள். மண்ணைக் கிளறி ஊற்றைப் பெரிதாக்கப் பார்ப்பது கூடவே கூடாது. கலங்கிய நீர் தெளிய நெடுநேரம் ஆகும், பின்னால் வருகிறவர்கள் உங்களை வாழ்த்த மாட்டார்கள்.

குழுவாகப் போகிறவர்கள் ஒரு பாட்டில் நிரம்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் பத்துப் பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் பிடிக்க 20 நிமிடம். மூன்று நிமிடம் ஆனால் முழுதாக ஒரு மணி நேரம், அதுவும் வரிசையில் வேறு யாரும் இல்லாதிருந்தால். ஏப்ரலில் சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க நினைத்த குழுக்கள் நேரம் தவறுவது பெரும்பாலும் கால் வலியால் அல்ல, சுனையில்தான்.

கைதட்டிச் சுனையில் கைதட்டினால் நீர் பெருகும் என்பது நம்பிக்கை. தட்டுங்கள், தவறில்லை. ஆனால் நாற்பது பேர் சேர்ந்து தட்டிக் கூச்சலிடும்போது அடுத்த புதரில் என்ன நிற்கிறது என்று யாருக்கும் கேட்காது. கோடையில் காட்டு விலங்குக்கும் தண்ணீர் வேண்டும், அதற்கும் இதே சுனைதான். இருட்டில் சுனைக்குத் தனியாக இறங்காதீர்கள். முதலில் விளக்கை நான்கு பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். பாறைச் சரிவில் மலைத்தேனீக் கூடு தெரிந்தால் அருகில் சூடம் ஏற்றக்கூடாது. புகை பட்டால் மொத்தக் கூடும் கிளம்பிவிடும், ஓடுவதற்கு அங்கே இடமில்லை.

சுனையைச் சுற்றியுள்ள பாறையில் பச்சையாகவும் கருப்பாகவும் படிந்திருப்பது பாசி. மலையில் வழுக்கி விழ மிகத் தோதான இடம் தண்ணீர் பிடிக்கும் இடம்தான். பையைக் கழற்றி வைத்துவிட்டு, தடியை ஊன்றி, குந்தி உட்கார்ந்து பிடியுங்கள். நின்றபடி குனிய வேண்டாம்.

ஆண்டி சுனை வேறு கதை. ஏழாவது மலை ஏறுமுன் பக்தர்கள் அங்கே குளிக்கிறார்கள். குளிக்கும் நீரைக் குடிக்கக்கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் தீர்த்தம் என்று அள்ளிக் குடிக்கிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம். குடிக்க வேண்டியதைக் கைதட்டிச் சுனையிலேயே இரண்டு பாட்டிலிலும் பிடித்து வந்துவிடுங்கள். குளிக்கிறவர்கள் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம். நனைந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் எப்போது தொலையுமோ தெரியவில்லை. உடனே துடைத்து, உலர்ந்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். விடியுமுன் ஈர உடம்போடு மலைக்காற்றில் நின்றால் நடுக்கம் நிற்காது. மாரடைப்பு, மூச்சுத்திணறலால் ஏறும்போதே இறந்தவர்கள் உண்டு. இதயக்கோளாறு, ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தக் குளிர்நீரை மட்டுமல்ல, மலையையே தவிர்ப்பது நல்லது.

குடிப்பதற்கு முன்

"மூலிகைத் தண்ணி, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். சிலர் டிடிஎஸ் மீட்டரை முக்கி, 500-க்குள் இருக்கிறது, சுத்தம் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தரம் அதை லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஏற்கிறது. பாறை ஊற்று நீரில் உப்பு குறைவாக இருப்பது இயல்பு. கிருமிக்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே தரம் 100 மில்லிலிட்டரில் ஒரு ஈகோலை பாக்டீரியாகூட இருக்கக்கூடாது என்கிறது. அதை மீட்டரும் காட்டாது, கண்ணும் காட்டாது.

டைபாய்டு, ஜியார்டியா கழிச்சல் எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். மஞ்சள் காமாலையின் ஏ வகைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும், பழி வேறு ஏதோ ஹோட்டல் சாப்பாட்டின் மேல் விழும். "பத்து வருசமா குடிக்கிறேன்" என்ற வாதத்தின் பலம் அவ்வளவுதான்.

காய்ச்சுவதுதான் நிச்சயமான வழி. கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். ஆனால் காப்புக்காட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அதிலும் நீங்கள் ஏறுவது காட்டுத்தீக் காலத்தில். எனவே மலைமேல் கைகொடுப்பது குளோரின்.

துணியை நான்காக மடித்துப் பாட்டில் வாயில் கட்டி வடியுங்கள். தூசும் புழுவும் நிற்கும், கிருமி நிற்காது. பிறகு மாத்திரை. மருந்துக்கடையில் வாங்கும்போது எத்தனை லிட்டருக்கு என்று அட்டையில் பார்த்து, ஒரு லிட்டருக்கானதைக் கேட்டு வாங்குங்கள். 20 லிட்டர் குடத்துக்கான மாத்திரையை ஒரு லிட்டரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதைத் துண்டாக உடைத்துப் போடுவதும் குத்துமதிப்புதான். மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கிவிட்டு, மூடியைச் சற்றுத் தளர்த்தித் தலைகீழாகச் சாயுங்கள். மருந்து கலந்த நீர் மூடி திருகும் மரையில் வழிய வேண்டும், ஏனென்றால் உதடு படுவது அந்த இடத்தில்தான். அரை மணி நேரம் காத்திருங்கள். நீர் சில்லென்று இருந்தாலோ லேசாகக் கலங்கியிருந்தாலோ ஒரு மணி நேரம். கடைசியில் மெல்லிய குளோரின் வாடை வர வேண்டும். வாடையே இல்லையென்றால் அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், இன்னொரு மாத்திரை போட்டுத் திரும்பக் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புக்காகத்தான் இரண்டு பாட்டில். முதல் பாட்டில் பாம்பாட்டிச் சுனைக்கு வரும்போது காலியாகியிருக்கும். அதில் சுனைநீரைப் பிடித்து மாத்திரை போட்டுப் பைக்குள் வையுங்கள். அது தயாராகும்வரை அடிவாரத்துத் தண்ணீர் உள்ள இரண்டாவது பாட்டிலிலிருந்து குடியுங்கள். ஒன்று எப்போதும் குடிக்க, மற்றது எப்போதும் ஊற. வரிசை குழம்பாமலிருக்க ஒரு பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டிவிடுங்கள்.

எலுமிச்சை, குளுக்கோஸ் பொடி, ஓஆர்எஸ் எதுவானாலும் அரை மணி நேரம் முடிந்த பிறகுதான் கலக்க வேண்டும். வைட்டமின் சி குளோரினை முறித்துவிடும். மாத்திரையையும் எலுமிச்சையையும் சேர்த்துப் போட்டு, வாடை இல்லாமல் அருமையாக இருக்கிறது என்று குடிக்கிறவர் வெறும் சுனைநீரைத்தான் குடிக்கிறார்.

குளோரினுக்கும் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் உண்டு. 0.1 மைக்ரான் துளையுள்ள கைவடிகட்டி அவற்றையும் பாக்டீரியாவையும் பிடித்துவிடும், வைரஸை விட்டுவிடும். இரண்டும் இருந்தால் முதலில் வடிகட்டி, பிறகு மாத்திரை. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

இன்னொரு பிசகு, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போவது. வியர்வையில் உப்பும் போகிறது. அது திரும்பாவிட்டால் தசை பிடிக்கும், தலை கிறுகிறுக்கும், குமட்டும். குமட்டுகிறதே என்று இன்னும் தண்ணீர் குடித்தால் நிலைமை மோசமாகும். ஏறும்போது ஒரு லிட்டர், இறங்கும்போது ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைத்துக் குடியுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு. கடலைமிட்டாயும் உப்புக்கடலையும் பையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இறங்கும் வழி

இரவில் ஏறியவர்கள் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். தண்ணீர் அதிகம் வேண்டியதும் அப்போதுதான், சுனையில் வரிசை நீளமாக இருப்பதும் அப்போதுதான். அதனால் இறங்குகையில் கைதட்டிச் சுனையைக் கடக்கும்போது இரண்டு பாட்டிலும் நிறைந்திருக்கட்டும். கீழே பாம்பாட்டி இருக்கிறதே என்று ஒன்றைக் காலியாக விடாதீர்கள். பாம்பாட்டிக்குக் கீழே அடிவாரம்வரை ஊற்றில்லாத படிகள், முழங்கால் நடுங்கும் நேரம். தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று அவசரமாக இறங்குகிறவர்கள்தான் அங்கே கணுக்காலைப் பிசகிக்கொள்கிறார்கள்.

மலைமேல் ஒதுங்க வேண்டி வந்தால் சுனைக்கும் ஓடைக்கும் மேற்பக்கம் போகாதீர்கள். தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளி, கீழ்ச்சரிவில், ஒரு சாண் குழி தோண்டி மூடிவிடுங்கள். இருட்டில் அவ்வளவு தூரம் பாதையை விட்டுப் போவது பாதுகாப்பும் இல்லை. அடிவாரத்துக் கழிப்பறையில் முடித்துவிட்டு ஏறுவதே உத்தமம்.

வீட்டுக்குத் தீர்த்தம் கொண்டுபோகிறவர்கள் அரை லிட்டர் பிடித்தால் போதும், அதையும் இறங்கும்போது பிடியுங்கள். பூஜையறையில் வைக்கலாம். குடிக்கக் கொடுப்பதானால் அன்றைக்கே காய்ச்சிவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சையாக ஒரு சொட்டும் வேண்டாம். வண்டிச் சூட்டில் பத்து மணி நேரம் கிடந்த சுனைநீரில், பிடித்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு பாக்டீரியா பெருகியிருக்கும்.